சினை நிற்கவில்லை, குட்டி தங்கவில்லை: ஆட்டு மந்தையில் காரணத்தைக் கண்டுபிடிக்கும் வழிமுறை

ஆட்டு மந்தையில் இனப்பெருக்கக் கோளாறு கண்ணில் படுகிற நாளும், அது உண்டான நாளும் ஒன்றாக இருப்பதில்லை. இன்று எழுந்து நிற்க முடியாமல் பிறந்த குட்டிக்குக் காரணம், ஆறு வாரத்துக்கு முந்தைய தீவனத் தொட்டியில் இருக்கலாம். இந்த மாதம் கிடா சேர்ந்தும் சினை நிற்காமல் போனதற்குக் காரணம், இரண்டு மாதத்துக்கு முன் அந்தக் கிடாவுக்கு வந்துபோன காய்ச்சலாக இருக்கலாம். ஆகவே அறிகுறியைக் கண்டதும் டானிக் தேடி ஓட வேண்டாம். நாட்காட்டியை எடுத்துப் பின்னோக்கி எண்ணுங்கள்.

எண்ணுவதற்குச் சில அளவுகள் கைவசம் வேண்டும். செம்மறி சராசரியாக 17 நாளுக்கு ஒருமுறை பருவத்துக்கு வரும்; வெள்ளாடு 21 நாளுக்கு ஒருமுறை. பருவம் ஒரு நாள் முதல் இரண்டு நாள் வரை நீடிக்கும். சினைக்காலம் செம்மறிக்கு ஏறத்தாழ 147 நாள், வெள்ளாட்டுக்கு 150 நாள். கிடாவின் உடலில் விந்தணு உருவாகத் தொடங்கி, முதிர்ந்து, பயன்பாட்டுக்கு வர ஏறத்தாழ இரண்டு மாதம் ஆகும்.

எந்த அறிகுறியானாலும் முதல் வேலை முதுகைத் தொட்டுப் பார்ப்பதுதான். செம்மறியின் கம்பளியும், தழை நிறைந்த வெள்ளாட்டு வயிறும் பார்வையை எளிதில் ஏமாற்றிவிடும். கடைசி விலா எலும்புக்கும் இடுப்பு எலும்புக்கும் நடுவே கையை வைத்து அழுத்துங்கள். மடக்கிய கையின் விரல் முட்டிகளைப் போல எலும்பு கூர்மையாகத் தட்டுப்பட்டால் அந்த ஆடு ஐந்துக்கு 1 அல்லது 2 மதிப்பெண். எலும்பு தட்டுப்படுகிறது, ஆனால் கூர்மை தெரியாமல் சதை மூடியிருக்கிறது என்றால் 3. அழுத்தித் தேடினால்தான் எலும்பு கிடைக்கிறது என்றால் 4. தேடியும் கிடைக்கவில்லை என்றால் 5. கிடா சேர்க்கும் நேரத்தில் பெட்டைகள் 3 முதல் 3.5 வரை இருப்பது நல்லது. வெள்ளாடு கொழுப்பை முதுகில் சேர்ப்பதைவிட வயிற்றுக்குள்தான் அதிகம் சேர்க்கும் என்பதால், முன்னங்கால்களுக்கு இடையே நெஞ்செலும்பின் மேலும் தடவிப் பாருங்கள். ஒரு மதிப்பெண் ஏற நல்ல தீவனத்திலும் ஆறு முதல் எட்டு வாரம் ஆகும். கிடா சேர்ப்பதற்கு முந்தைய வாரம் தொட்டுப் பார்த்து எந்தப் பயனும் இல்லை என்பது இதிலிருந்தே விளங்கும்.

பெட்டைகள் பருவத்துக்கே வரவில்லை

உண்மையிலேயே வரவில்லையா, அல்லது நம் கண்ணில் படவில்லையா? வெள்ளாடு வாலை ஓயாமல் ஆட்டும், கத்தும், மற்ற ஆடுகளின் மேல் ஏறும். செம்மறி அப்படிக் காட்டிக்கொள்ளாது. கிடா இருந்தால் அதன் அருகே போய் நிற்கும், வாலை லேசாக அசைக்கும், அவ்வளவுதான். அதனால் செம்மறிப் பண்ணையில் 'பருவம் இல்லை' என்று சொல்வதற்கு முன், கிடாவின் நெஞ்சில் நிறக்குழம்பைத் தடவி விடுங்கள். கிடா ஏறிய ஒவ்வொரு பெட்டையின் பின்புறத்திலும் அந்த நிறம் ஒட்டும். முதலில் வெளிர் நிறம். செம்மறியில் 16 நாள் கழித்து, வெள்ளாட்டில் 20 நாள் கழித்து, அதைவிட அடர்ந்த நிறம். வரிசையை மாற்றினால் இரண்டாவது நிறம் முதலாவதன் மேல் தெரியாது. செலவே இல்லாத இந்த ஒரு வேலை, இனி வரும் பாதிக் கேள்விகளுக்குப் பதில் சொல்லிவிடும். ஏன் பல பண்ணைகள் இதைச் செய்வதில்லை என்பது எனக்குப் புரியாத விஷயம்.

நிறம் ஒட்டவே இல்லை என்றால் அடுத்து உடல் மதிப்பெண். மந்தையின் பெரும்பகுதி 2க்குக் கீழே இருந்தால் காரணம் கையில் கிடைத்துவிட்டது. மெலிந்த உடல் முதலில் நிறுத்திவைக்கும் வேலை இனப்பெருக்கம்தான். மடியில் குட்டி பால் குடித்துக்கொண்டிருக்கும் ஆடுகளுக்கும் பருவம் தள்ளிப்போகும். முதன்முறை சேர்க்கும் இளம் பெட்டைகளுக்கு வயதைவிட எடை முக்கியம்: அந்த இனத்தின் வளர்ந்த பெட்டை எடையில் மூன்றில் இரண்டு பங்கை எட்டும் வரை காத்திருங்கள்.

அடுத்தது பகல் நேரத்தின் நீளம். குளிர்நாட்டு இனங்கள் பகல் குறுகும் மாதங்களில்தான் பருவத்துக்கு வரும். பகலின் நீளம் ஆண்டு முழுவதும் பெரிதாக மாறாத நிலநடுக்கோட்டுப் பகுதிகளின் இனங்களுக்கு இந்தக் கட்டுப்பாடு குறைவு. அங்கே மழையும் பசுந்தழையும்தான் பருவத்தைத் தீர்மானிக்கின்றன.

உடல் நன்றாக இருந்தும் மந்தை அசையாமல் இருந்தால் கிடாவையே தூண்டுகோலாக்கலாம். பெட்டைகளின் கண்ணுக்கும் காதுக்கும் மூக்குக்கும் எட்டாத தொலைவில் குறைந்தது ஒரு மாதம் கிடாக்களை வைத்திருந்து, பிறகு திடீரென்று உள்ளே விடுங்கள். சில நாட்களுக்குள் பெட்டைகளுக்குக் கருமுட்டை வெளிப்படும். செம்மறியில் இந்த முதல் முறை பருவ அறிகுறி எதுவும் இல்லாமல் நடந்துவிடும். கண்ணுக்குத் தெரியும் பருவம் 18ஆம் நாளை ஒட்டியும் 25ஆம் நாளை ஒட்டியும் குவியும். ஆகவே இரண்டு வாரத்தில் பொறுமை இழந்து கிடாவை மாற்றிவிடாதீர்கள். வெள்ளாட்டில் பல பெட்டைகள் முதல் வாரத்திலேயே பருவம் காட்டும், ஆனால் அந்தச் சுழற்சி குறுகியது. அடுத்து ஒரு வாரத்தில் திரும்ப வருவதில்தான் சினை நிற்கும்.

கிடாவும் பெட்டையும் எப்போதும் ஒன்றாகவே திரியும் மந்தையில் இந்தத் தூண்டுதல் வேலை செய்யாது. பிரித்து வைக்க இடம் இல்லை என்றால் பழக்கமில்லாத புதுக் கிடாவைக் கொண்டுவந்து பார்க்கலாம்.

ஒன்றிரண்டு வெள்ளாடுகள் மட்டும் ஒருபோதும் பருவத்துக்கு வரவில்லை என்றால் வேறு இரண்டு காரணங்கள் உண்டு. பிறவியிலேயே கொம்பில்லாத கிடாவையும் கொம்பில்லாத பெட்டையையும் சேர்த்தால், பெட்டைக் குட்டிகளில் சில இரு பாலும் கலந்த மலடாகப் பிறக்கும்; இது மரபணுவோடு பிணைந்த குறை. இணையில் ஒன்றுக்காவது கொம்பு இருக்கட்டும். மற்றொன்று பொய்ச்சினை: வயிறு பெருக்கும், பருவம் நிற்கும், ஆனால் கருப்பையில் இருப்பது நீர் மட்டுமே. ஸ்கேன் பார்த்தால் தெரிந்துவிடும்; கால்நடை மருத்துவர் ஊசியால் சரிசெய்வார்.

கிடா ஏறுகிறது, ஆனால் பெட்டைகள் திரும்பத் திரும்பப் பருவத்துக்கு வருகின்றன

இங்கேதான் நிறம் பேசும். ஏறக்குறைய எல்லாப் பெட்டைகளும் சரியாக 17 அல்லது 21 நாளில் இரண்டாவது நிறத்தையும் வாங்கியிருந்தால் குறை கிடாவிடம்தான். சில பெட்டைகள் மட்டும் திரும்பியிருந்தால் அந்தப் பெட்டைகளைப் பாருங்கள். திரும்பும் நாள் 25, 30, 40 என்று தாறுமாறாக இருந்தால் கரு பிடித்து அழிந்திருக்கிறது. அடுத்த பகுதிக்குப் போங்கள்.

சினை நிற்காவிட்டால் பெட்டையைக் குறைசொல்லி விற்றுவிடுகிற பழக்கம் எங்கும் இருக்கிறது. நாற்பது பெட்டைகளில் ஒன்று மலடானால் ஒரு குட்டி போகும். ஒரே கிடா மலடானால் அந்தப் பருவமே போகும். அதனால் கிடாவைச் சேர்ப்பதற்கு இரண்டு மாதம் முன்பே சோதிக்க வேண்டும், பின்பு அல்ல.

கிடாவை உட்கார வைத்து விதைப்பையை இரு கையாலும் தடவுங்கள். இரண்டு விதைகளும் ஒரே அளவில், கெட்டியாக, பையினுள் தாராளமாக நகர வேண்டும். பஞ்சுபோல் மெத்தென்று இருந்தாலோ, ஒன்று சுருங்கியிருந்தாலோ, கீழ்முனையில் கட்டி தட்டுப்பட்டாலோ அந்தக் கிடா வேண்டாம். செம்மறியில் கீழ்முனைக் கட்டி புரூசெல்லா கிருமியின் அடையாளமாகவும் இருக்கலாம். இரத்தப் பரிசோதனை செய்யாமல் மந்தைக்குள் விடாதீர்கள். விதைப்பையின் சுற்றளவையும் அளந்துகொள்ளுங்கள். நடுத்தர, பெரிய செம்மறி இனங்களில் வளர்ந்த கிடாவுக்கு 30 சென்டிமீட்டருக்குக் குறையாமல் இருப்பது நல்லது. பிறகு குளம்பு, பல், கண். பின்னங்காலில் வலி உள்ள கிடா எவ்வளவு நல்ல விந்து வைத்திருந்தாலும் ஏறாது.

விந்தணு உருவாக, விதைகள் உடல் வெப்பத்தைவிட நான்கு முதல் ஆறு டிகிரி குளிர்ச்சியாக இருக்க வேண்டும். கடும் வெயில், காற்றில்லாத தகரக் கொட்டகை, சில நாள் காய்ச்சல், விதைப்பையில் அடர்ந்த கம்பளி, சீழ்ப்புண் ஆகிய எதுவும் விந்தணுவைக் கெடுக்கும். பாதிப்பு உடனே தெரியாது. கிடா வழக்கம்போல் ஆர்வமாகவே ஏறும். ஆறு முதல் எட்டு வாரம் கழித்து எல்லாம் சரியாகிவிடும் என்பதால், அந்தக் கிடாவை உடனே விற்கவும் அவசரப்பட வேண்டாம். நிழலில் வைத்து, வேறு கிடாவைக் கொண்டு இந்தப் பருவத்தைக் காப்பாற்றுங்கள்.

தீவனம்: சேர்ப்பதற்கு எட்டு வாரம் முன்பிருந்தே புரதம் நிறைந்த தீவனத்தைக் கூட்டினால் விதையின் அளவும் விந்தணு எண்ணிக்கையும் கூடும். கிடா 3.5 மதிப்பெண்ணில் வேலையைத் தொடங்கட்டும். சேர்க்கைக் காலத்தில் மேய்வதை மறந்து நன்றாக மெலிந்துவிடும். ஆனால் தானியத்தையே கொட்டி வளர்த்தால் சிறுநீர்ப்பாதையில் கல் அடைக்கும். சுண்ணாம்புச் சத்து மணிச்சத்தைப்போல் இரண்டு மடங்கு இருக்கும்படி பார்த்து, உப்பும் தாராளத் தண்ணீரும் கொடுத்தால் இந்த அபாயம் குறையும்.

வளர்ந்த செம்மறிக் கிடா ஒன்றுக்கு 40 முதல் 50 பெட்டைகள், வெள்ளாட்டுக் கிடாவுக்கு 25 முதல் 30, முதலாண்டு இளங்கிடாவுக்கு 15 முதல் 20 என்று வைத்துக்கொள்ளுங்கள். பல கிடாக்கள் உள்ள மந்தையில் இன்னொரு சிக்கல் உண்டு. ஆதிக்கம் செய்யும் கிடா மலடாக இருந்தால், நல்ல கிடாக்களையும் அது அண்டவிடாது. ஒரு சுழற்சி முடிந்ததும் கிடாவை மாற்றிவிடுவது இதற்கு எளிய காப்பு.

சினை நின்றதுபோல் இருந்து, பிறகு பருவத்துக்கு வருகின்றன

கரு கருப்பைச் சுவரோடு உறுதியாகப் பிணைய ஏறத்தாழ ஒரு மாதம் ஆகும். அதுவரை மந்தையைத் தொந்தரவு செய்யக் கூடாது. மயிர் கத்தரித்தல், மருந்துக் குளியல், லாரியில் ஏற்றுதல், நாய் துரத்துதல், திடீர்த் தீவன மாற்றம், எல்லாவற்றையும் கிடா சேர்ப்பதற்கு முன்பே முடித்துவிடுங்கள் அல்லது ஒரு மாதம் தள்ளிவையுங்கள். முதல் சில நாட்களின் கடும் வெப்பம் கருவுக்கு மிகவும் ஆபத்தானது. அல்பென்டசோல் என்னும் குடற்புழு மருந்தைச் சினையின் முதல் மாதத்தில் கொடுக்கவே கூடாது. அது கருவை ஊனமாக்கும்.

இந்த மாதத்துக்கான தீவனம் நடுத்தரமாக இருக்க வேண்டும். பட்டினியும் கருவை அழிக்கும்; தேவையைவிட இரண்டு மடங்கு தீவனமும் அழிக்கும். அளவுக்கு மீறி உண்ணும் செம்மறியின் கல்லீரல், சினையைக் காக்கும் புரோஜெஸ்டிரோன் ஹார்மோனை வேகமாக வெளியேற்றிவிடுகிறது. யூரியா அதிகம் கலந்த தீவனமும் இந்த நாட்களில் வேண்டாம்.

மேய்ச்சல் நிலத்தையும் சந்தேகியுங்கள். 1940களில் மேற்கு ஆஸ்திரேலியாவில் செம்மறி மந்தைகள் பெருமளவில் மலடாயின. அவை மேய்ந்த குளோவர் என்னும் தீவனப் பயிரில் பெண்மை ஹார்மோனைப் போல் செயல்படும் பொருள் இருந்தது தெரியவந்தது. பூஞ்சை பிடித்த தானியத்திலும் அதேபோன்ற நஞ்சு உருவாகலாம். பூஞ்சைத் தீவனத்தைச் 'சினையில்லாத ஆட்டுக்குத்தானே' என்று போடாதீர்கள். மண்ணில் செலினியம் என்னும் நுண்சத்து குறைந்த பகுதிகளில் கரு அழிவுக்கு அதுவும் ஒரு காரணம். ஆனால் செலினியத்தில் தேவைக்கும் நஞ்சுக்கும் இடைவெளி மிகச் சிறியது என்பதால், இரத்தம் பார்க்காமல் ஊசி போட வேண்டாம்.

எப்போதும் ஒற்றைக் குட்டிதான்

இரட்டைக் குட்டி பாதி மரபு, பாதி தீவனம். மரபை ஒரே பருவத்தில் மாற்ற முடியாது, தீவனத்தால் முடியும். கிடா சேர்ப்பதற்கு இரண்டு மூன்று வாரம் முன்பும், சேர்த்த பின் அதே அளவு காலமும், நாளொன்றுக்கு 250 முதல் 400 கிராம் தானியமோ அடர்தீவனமோ கூடுதலாகக் கொடுத்தால் வெளிப்படும் கருமுட்டைகள் கூடும். நாலைந்து நாளில் படிப்படியாக ஏற்றுங்கள், நிறுத்தும்போதும் படிப்படியாகவே. மதிப்பெண் 2 முதல் 3க்குள் உள்ள ஆடுகளுக்குத்தான் இது பலன் தரும். ஏற்கெனவே கொழுத்த ஆட்டுக்குக் கொடுப்பது தீவன விரயம்.

இன்னொன்று கேட்டுக்கொள்ளுங்கள்: கடைசி மாதங்களில் இரட்டைக்குத் தேவையான தீவனம் கொடுக்க முடியாது என்றால், ஒற்றைக் குட்டியே உங்களுக்கு நல்லது.

குட்டி வீசுகிறது

ஒரு ஆடு நாள் நிறையும் முன்பே குட்டியை வீசினால் தற்செயலாக இருக்கலாம். அடுத்தடுத்து வீசினால் தொற்று என்றே கொண்டு நடந்துகொள்ளுங்கள். வீசிய ஆட்டைத் தனியே கட்டுங்கள். கருவையும் நஞ்சுக்கொடியையும் கையுறை போட்டு எடுத்து, உறையிலிட்டுக் குளிர்ச்சியாக வைத்து ஆய்வகத்துக்கு அனுப்புங்கள். நஞ்சுக்கொடி இல்லாமல் கருவை மட்டும் அனுப்பினால் பல நேரம் விடை கிடைக்காது. எஞ்சியதை எரிக்கவோ ஆழமாகப் புதைக்கவோ வேண்டும். நாய் இழுத்துப் போக விடக் கூடாது. புரூசெல்லா, கிளமிடியா, டாக்ஸோபிளாஸ்மா, கியூ காய்ச்சல் எல்லாம் மனிதருக்கும் தொற்றும். வீட்டில் கர்ப்பிணிப் பெண் இருந்தால் குட்டி ஈனும் கொட்டகைப் பக்கமே வர வேண்டாம். இதில் எந்தத் தளர்வும் கூடாது.

கிளமிடியா பெரும்பாலும் கடைசி இரண்டு மூன்று வாரத்தில் வீசச் செய்யும்; நஞ்சுக்கொடி தடித்துச் சிவந்திருக்கும். டாக்ஸோபிளாஸ்மாவைக் கொண்டுவருவது பூனை, குறிப்பாக இளம்பூனை. தீவனச் சேமிப்பில் அது மலம் கழிக்காதபடி மூடிவையுங்கள். கெட்டுப்போன ஊறுகாய்ப்புல் (சைலேஜ்) கொடுத்திருந்தால் லிஸ்டீரியா கிருமியை நினையுங்கள்.

தொற்று இல்லாமலும் வெள்ளாடு வீசும். செம்மறியில் ஏறத்தாழ இரண்டாம் மாதத்துக்குப் பின் நஞ்சுக்கொடியே சினையைக் காக்கும் ஹார்மோனைத் தயாரித்துக்கொள்கிறது. வெள்ளாடு கடைசி நாள் வரை கருமுட்டை உருவாகும் சினைப்பையையே அதற்கு நம்பியிருக்கிறது. அதனால் மூன்றாம், நான்காம் மாதத்தில் இரண்டு நாள் பட்டினி, குளிர்மழை, நீண்ட நடை போன்றவை செம்மறி தாங்கினாலும் வெள்ளாட்டைச் சினை கலையச் செய்யும். மழை பெய்கிறதென்று மேய்ச்சலுக்கு விடாத நாளில் கொட்டகையிலும் தீவனம் போடாமல் விடுவதுதான் இதன் வழக்கமான தொடக்கம்.

நிறைசினை ஆடு தீனி எடுக்காமல் ஒதுங்கி நிற்கிறது

கருவின் வளர்ச்சியில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் கடைசி ஆறு வாரத்தில் நடக்கிறது. அதே நேரத்தில் கருப்பை வயிற்றை நெருக்குவதால் ஆட்டால் நிறையத் தின்ன முடியாது. இரட்டை, மூன்று குட்டி சுமக்கும் ஆடு தன் கொழுப்பைக் கரைக்கத் தொடங்கும். அளவுக்கு மீறிக் கரைந்தால் சினை நச்சு. மந்தையின் பின்னால் தங்கும், தானியத்தை மறுக்கும், பல்லை நறநறவென்று கடிக்கும், பார்வை மங்கியதுபோல் முட்டிக்கொள்ளும், மூச்சில் இனிப்பு வாடை வரும், பிறகு படுத்துவிடும். எழுந்து நிற்கும்போதே புரொப்பிலீன் கிளைக்கால் 60 மில்லி காலை மாலை வாய்வழி கொடுத்து மருத்துவரை அழைத்தால் பிழைக்க வாய்ப்பு உண்டு. படுத்த பிறகு பல நேரம் குட்டிகளை வெளியே எடுத்தால்தான் தாய் தப்பும். சுண்ணாம்புச் சத்துக் குறைவிலும் ஆடு இப்படிப் படுக்கும். அது சில மணி நேரத்தில் முற்றும், கால்சியம் ஊசிக்கு விரைவாக எழும்.

ஈனும் நாளுக்கு ஏழெட்டு வாரம் முன் முதுகைத் தடவிப் பாருங்கள். மெலிந்தவற்றையும், ஸ்கேனில் இரட்டை தெரிந்தவற்றையும் தனியாகப் பிரித்து, அடர்தீவனத்தை வாரந்தோறும் கூட்டி 400, 500 கிராமுக்குக் கொண்டுவாருங்கள். ஒரு ஆட்டுக்கு 40 சென்டிமீட்டர் தொட்டி இடம் வேண்டும். இல்லையென்றால் வலிய ஆடு இரண்டு பங்கு தின்னும், மெலிந்தது வேடிக்கை பார்க்கும். கொழுத்த ஆட்டுக்கும் இதே நோய் வரும். அதை இளைக்க வைக்க வேண்டுமானால் சினைக்கு முன்பு. கடைசி ஆறு வாரத்தில் ஒருபோதும் கூடாது.

குட்டிகள் நலிந்து பிறக்கின்றன, சில நாளில் இறக்கின்றன

நலிவின் தோற்றமே காரணத்தைக் காட்டும். தொண்டையில் வீக்கம், மயிரில்லாத உடல்: அயோடின் குறைவு, அல்லது கோஸ் வகைப் பயிர்களை அதிகம் தின்ற தாய். பின்னங்கால்கள் தள்ளாடினால் சினையில் தாமிரக் குறைவு. முதுகு வளைந்து விறைப்பாக நடந்தால் செலினியம், வைட்டமின் ஈ குறைவு. பசுந்தழையே காணாத நீண்ட வறட்சிக்குப் பின் நலிந்த, பார்வை குறைந்த குட்டிகள் பிறந்தால் வைட்டமின் ஏ. தாமிரத்தில் ஓர் எச்சரிக்கை: மாட்டுக்கோ பன்றிக்கோ தயாரித்த தாது உப்புக் கலவையைச் செம்மறிக்குக் கொடுக்காதீர்கள். வெள்ளாடு தாங்கும் தாமிர அளவு செம்மறியைக் கொன்றுவிடும்.

குறிப்பாக எதுவும் இல்லாமல் சிறியதாக, குளிர்ந்து, எழாமல் கிடந்தால் தாயின் கடைசி ஆறு வாரத் தீவனத்தைத்தான் பார்க்க வேண்டும். பட்டினி கிடந்த தாய்க்குச் சீம்பால் குறைவாகவும், தாமதமாகவும் சுரக்கும். குட்டியை நக்கி அணைக்கும் ஆர்வமும் குறையும். பிறந்த இரண்டு மணி நேரத்துக்குள் கிலோ எடைக்கு 50 மில்லி சீம்பால், முதல் நாளில் மொத்தம் கிலோவுக்கு 200 மில்லி போக வேண்டும். குளிர்ந்த குட்டியின் வெப்பம் 37 டிகிரிக்குக் கீழே இருந்து, பிறந்து ஐந்து மணி நேரத்துக்கு மேல் ஆகியிருந்தால் அப்படியே அனல் காட்டாதீர்கள்: சர்க்கரைச் சத்து தீர்ந்த உடல் சூடேறும்போது வலிப்பு வந்து இறந்துவிடும். முதலில் மருத்துவரின் உதவியோடு குளுக்கோஸ், பிறகு சூடு, தலை தூக்கியதும் சீம்பால். தொப்புளை அயோடினில் நனைப்பதும், ஈனுவதற்கு நான்கு வாரம் முன் தாய்க்குத் துள்ளுமாரித் தடுப்பூசி போடுவதும் இதே கணக்கில் சேரும்.

ஈற்றுக்கும் ஈற்றுக்கும் இடைவெளி நீள்கிறது

இரண்டு ஆண்டில் மூன்று ஈற்று என்றால் எட்டு மாதத்துக்கு ஒருமுறை. ஈன்ற மூன்றாம் மாதம் சினை நிற்க வேண்டும். ஆண்டு முழுவதும் பருவத்துக்கு வரும் இனமும், பாலூட்டும் மாதங்களில் நல்ல தீவனமும் இருந்தால்தான் இது நடக்கும். ஈன்ற காலத்தில் குடற்புழுக்கள் பெருகுவதால் கீழ்க் கண்ணிமையை விலக்கிப் பாருங்கள். வெளிறியிருந்தால் புழு நீக்கம் முதலில். குட்டிகளை இரண்டு முதல் மூன்று மாதத்துக்குள் பிரித்தால் தாய்க்குப் பருவம் திரும்பும். ஈன்ற இரண்டாம் மாத முடிவில் மதிப்பெண் 2.5க்குக் கீழே உள்ள ஆடுகளுக்கு அந்தச் சுற்றில் கிடா சேர்க்காமல், அவற்றைத் தனி மந்தையாகத் தேற்றி அடுத்த சுற்றில் விடுங்கள். நல்ல கிடாவோடும் நல்ல உடலோடும் இரண்டு சுற்று தொடர்ந்து வெறுமையாக நின்ற பெட்டையை வைத்துக்கொள்ள வேண்டாம்.